ஐம்பதைக் கடந்த பெண்கள்: அடுப்படி அதிகாரத்திலிருந்து சமுதாயச் செல்வாக்கு வரை



நம் வட்டாரத்தில் ஒரு கோயில் திருவிழா, ஒரு தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம், குடியிருப்பாளர் சங்கத்தின் ஓர் ஒன்றுகூடல் என்று எதற்குப் போனாலும் ஒன்றைக் கவனிக்கலாம். மேடையில் மாலை வாங்குகிறவர் யாராக வேண்டுமானாலும் இருக்கட்டும். பணம் திரட்டுவது, ஆள் சேர்ப்பது, சண்டை வந்தால் சமாதானம் செய்வது, நோயாளி வீட்டுக்கு முதலில் போய் நிற்பது என்று காரியத்தை நடத்துபவர்களில் பெரும்பாலோர் ஐம்பது வயதைக் கடந்த பெண்கள். நேரலை நிகழ்ச்சி படைக்கும் எங்களுக்கும் இது தெரியும். துணிந்து அழைத்து, பெயரைச் சொல்லி, அரசாங்க அலுவலகத்தில் நடந்த குறையைத் தேதியோடு சொல்கிறவர்கள் பெரும்பாலும் இந்த அம்மாமார்கள்தான்.

"இதில் என்ன புதுமை? நம் சமுதாயத்தில் பாட்டி சொல்லுக்கு எப்போதும் மதிப்பு உண்டே!" என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். ஆனால் அன்றைய பாட்டியின் அதிகாரமும் இன்றைய பெண்ணின் செல்வாக்கும் ஒன்றல்ல. அன்று அந்த அதிகாரம் மகன் வழியாக வந்தது. மகனைப் பெற்றவள், மருமகள் வந்தபின் மாமியாரானாள்; அதிகாரம் அடுப்படியில் தொடங்கி வாசற்படியில் முடிந்தது. அந்த அதிகாரத்தால் பல நேரங்களில் துன்பப்பட்டவளும் இன்னொரு பெண்தான். இன்று நாம் பார்க்கும் செல்வாக்கு வேறு. அது படிப்பு, வேலை, சங்கம், சட்டம் ஆகியவற்றின் வழியாக வந்தது. அது தானாக வரவில்லை. சிலர் போராடி வாங்கித் தந்தார்கள். அந்த வரலாற்றைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

ஆயாக் கொட்டகையும் நாற்பது காசும்

மலாயாவின் ரப்பர் தோட்டங்களில் தமிழ்ப்பெண்கள் குடும்பத்துக்குத் துணையாக மட்டும் வாழவில்லை. அவர்கள் முழுநேரத் தொழிலாளிகள். விடியுமுன் பிரட்டுக்கு நின்று, இருட்டிலேயே நிரைக்குப் போய்ப் பால்மரம் வெட்டினார்கள். ஆனால் கூலி? 1920-ஆம் ஆண்டுகளின் இறுதியில் முக்கியத் தோட்டப் பகுதிகளுக்கு நிர்ணயிக்கப்பட்ட தினக்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. அதே மரம், அதே கத்தி, அதே வாளி. பத்துக் காசு மட்டும் குறைவு.

அந்தப் பெண் வெட்டுக்குப் போகும்போது கைக்குழந்தையை எங்கே விடுவாள்? ஆயாக் கொட்டகையில்தான். மரம் வெட்டும் வலு குறைந்துபோன மூத்த பெண்ணே அங்கே ஆயா. ஒரு லயத்துப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் ஏணை ஆட்டி, கஞ்சி ஊட்டி, காய்ச்சல் வந்தால் கைவைத்தியம் பார்த்தவர் அவர். இவரைப் போலவே பிரசவம் பார்க்கும் மருத்துவச்சியும், கூட்டுப் பணம் பிடிக்கும் அக்காளும் தோட்டத்தில் இருந்தார்கள். திருமணச் செலவு, ஊருக்குப் போகும் கப்பல் செலவு, பிள்ளையின் பள்ளிச் செலவு எல்லாம் இந்தக் கூட்டுப் பணத்தில்தான் நடந்தன. ஏமாற்று வேலைகள் பெருகியதால் கூட்டு நடத்துவதைத் தொழிலாகச் செய்வதை 1971-ஆம் ஆண்டில் சட்டமே தடை செய்தது. என்றாலும், வங்கிக் கணக்கு இல்லாத ஒரு காலத்தில் மூத்த பெண்ணின் நாணயமே ஒரு வங்கியாக இருந்தது என்பதை மறுக்க முடியாது.

தோட்டத்துச் சமுதாயம் இவர்களை நம்பி நடந்தது. ஆனால் தோட்டத்தை நடத்திய துரை, கிராணி, மண்டோர் வரிசையில் இவர்களுக்கு இடமில்லை. 1941-ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரும் வேலைநிறுத்தம் வெடித்தது. கூலி உயர்வோடு, கள்ளுக்கடைகளை மூட வேண்டும், தோட்டப் பெண்களிடம் துரைமாரும் அதிகாரிகளும் தகாத முறையில் நடப்பது நிற்க வேண்டும் என்ற கோரிக்கைகளும் அதில் இருந்தன. பெண்களின் வேதனை முதன்முறையாகப் பொதுக் கோரிக்கைப் பட்டியலில் ஏறிய தருணங்களில் அது ஒன்று. ஆனால் அந்தப் பட்டியலை முன்வைத்துப் பேசிய தலைவர்கள் ஆண்கள். பெண்ணே எழுந்து பேசும் காலம் இரண்டே ஆண்டுகளில் வந்தது.

1943: துப்பாக்கி ஏந்திய இளம்பெண்கள்

நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் 1943 ஜூலையில் சிங்கப்பூர் வந்தார். அந்த ஆண்டு அக்டோபர் 22-ஆம் தேதி ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் சிங்கப்பூரில் திறக்கப்பட்டது. தலைமை ஏற்றவர் டாக்டர் லட்சுமி சுவாமிநாதன். பின்னாளில் உலகம் அறிந்த கேப்டன் லட்சுமி. கோலாலம்பூரிலிருந்து வந்த ஜானகிக்கு அப்போது வயது 18. ராசம்மாவுக்கு வயது 16.

இந்தப் படையைப் பற்றி நாம் அடிக்கடி பேசுகிறோம். ஆனால் பேச்சு 1945-ஆம் ஆண்டோடு நின்றுவிடுகிறது. ரங்கூனிலிருந்து நடந்தே பின்வாங்கிய அந்தப் பயணத்தோடு கதை முடிந்துவிட்டதா? இந்தப் பெண்கள் ஐம்பது வயதில் என்ன செய்தார்கள் என்று யாராவது கேட்கிறோமா? நம் தலைப்புக்கு அந்தக் கேள்விதான் முக்கியம்.

கேப்டன் லட்சுமி இந்தியாவில் கான்பூரில் குடியேறி மருத்துவத் தொழிலைத் தொடர்ந்தார். 1984-இல் போபால் விஷவாயு விபத்து நடந்தபோது மருத்துவக் குழுவோடு அங்கே போனார். 2002-இல், 87-ஆவது வயதில், இந்தியக் குடியரசுத் தலைவர் தேர்தலில் வேட்பாளராக நின்றார். 2012-இல் மறையும் வரை அவர் ஓயவில்லை.

ஜானகி, போருக்குப் பின் மலாயா வந்த இந்தியக் காங்கிரஸ் மருத்துவக் குழுவோடு சேர்ந்து பணியாற்றினார். 1946-இல் மலாயா இந்தியர் காங்கிரஸ் தோன்றியபோது உடனிருந்தவர்களில் அவரும் ஒருவர். பின்னாளில் புவான்ஸ்ரீ ஜானகி ஆதி நாகப்பனாக நம் மேலவையில் செனட்டராக அமர்ந்தார். இந்திய அரசாங்கம் 2000-ஆம் ஆண்டில் அவருக்குப் பத்மஸ்ரீ விருதளித்தது. அப்போது அவருக்கு வயது 75. 2014-இல் காலமானார்.

ராசம்மாவின் கதையைச் சற்றே விரிவாகப் பார்க்க வேண்டும். ஏனென்றால், இன்று ஓய்வூதியம் வாங்கும் ஒவ்வோர் ஆசிரியையின் வீட்டிலும் அந்தக் கதையின் பலன் இருக்கிறது.

ஆசிரியைகள் போட்ட அடித்தளம்

சுதந்திரம் கிடைத்த காலத்தில் ஓர் ஆசிரியையின் நிலை என்ன தெரியுமா? ஒரே கல்வித் தகுதி, ஒரே வேலை நேரம் இருந்தும் ஆணைவிடக் குறைந்த சம்பளம். அது மட்டுமல்ல. திருமணமானால் நிரந்தரப் பணி போய்த் தற்காலிகப் பணியாகிவிடும். ஓய்வூதிய உரிமையும் போய்விடும். கழுத்தில் தாலி ஏறினால் கையிலிருந்த வேலை ஆட்டம் காணும் என்பதே விதி!

இதை எதிர்த்து 1960-இல் மகளிர் ஆசிரியர் சங்கம் தொடங்கப்பட்டது. தலைமை ஏற்றவர் ராசம்மா பூபாலன். மனுக்கள், கூட்டங்கள், பேச்சுவார்த்தைகள் என்று ஆண்டுகள் ஓடின. அறுபதுகளின் இறுதியில் அரசாங்கச் சேவையில் சம வேலைக்குச் சம சம்பளம் என்ற கொள்கை நடைமுறைக்கு வந்தது. இடையில், 1963-இல் தேசிய மாதர் அமைப்புகள் மன்றம் உருவானது. மலாய், சீன, இந்தியப் பெண்கள் ஒரே மேசையில் அமர்ந்து ஒரே கோரிக்கையை வைத்தார்கள். 1969-இல் பாத்திமா ஹாஷிம் நாட்டின் முதல் பெண் அமைச்சரானார்.

சம்பளப் போராட்டத்துக்கும் நடுவயதுச் செல்வாக்குக்கும் என்ன தொடர்பு? நேரடித் தொடர்பு உண்டு. முப்பது வயதில் நிரந்தர வேலை கிடைத்தால்தான் ஐம்பத்தைந்து வயதில் ஓய்வூதியம் வரும். ஓய்வூதியம் இருந்தால்தான் மகனிடம் கைநீட்டாமல் பேருந்துக்கும் கூட்டத்துக்கும் செலவழிக்க முடியும். தன் கையில் நாலு காசு இருக்கிறவரின் கருத்துக்கு வீட்டிலேயே மதிப்புக் கூடுகிறது. வெளியில் சொல்லவே வேண்டாம். அறுபதுகளில் ஆசிரியைகள் வாங்கிய உரிமைதான் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் ஓய்வுபெற்ற பெண்களைச் சங்கங்களின் பொறுப்புகளில் அமர்த்தியது.

சம்பளமே வாங்காமல் உழைத்தவர்களும் உண்டு. 1961-இல் சுவாமி சத்யானந்தா மறைந்தபோது பூச்சோங் சாலையிலுள்ள சுத்த சமாஜத்தின் பொறுப்பு, 35 வயதேயான மங்களம் அம்மையாரின் தோளில் விழுந்தது. ஆதரவற்ற பிள்ளைகளின் இல்லமாக, பல சமயத்தார் கூடும் இடமாக அதை வளர்த்து, 2023-இல் 97-ஆவது வயதில் மறையும் வரை அவர் 'மதர்' என்றே அழைக்கப்பட்டார். தான் பெறாத பிள்ளைகளுக்குத் தாயாகி, அதன் வழியாக ஒரு நாட்டின் மரியாதையைப் பெற்றவர் அவர்.

சிங்கப்பூரில் ஒரு சாசனம்

ஜொகூர் பாலத்தைத் தாண்டினால் இன்னொரு பாடம் இருக்கிறது. ஐம்பதுகளின் சிங்கப்பூரில் ஓர் ஆண் ஒன்றுக்கு மேற்பட்ட மனைவியரை வைத்துக்கொள்ளலாம். இதில் அதிகம் பாதிக்கப்பட்டவர்கள் யார்? இளமை கடந்த முதல் மனைவிகள். இருபது ஆண்டு குடும்பம் நடத்திய பிறகு இன்னொருத்தி வருவாள். முதல் மனைவிக்குச் சட்டத்தின் துணை மிகக் குறைவு. ஆகவே நடுவயதுப் பெண்ணின் பாதுகாப்பு என்பதே ஒருதார மணத்தில் அடங்கியிருந்தது.

இதற்காக 1952-இல் சிங்கப்பூர் மாதர் மன்றம் தொடங்கப்பட்டது. அதன் உந்துசக்தி பம்பாயிலிருந்து வந்து குடியேறிய ஷிரின் ஃபோஸ்தார். அப்போது அவருக்கு வயது 47. அவரோடு நின்றவர்களில் ஒருவர், கேரளத்தில் 1898-இல் பிறந்து சிங்கப்பூரில் வாழ்ந்த செச்சா டேவிஸ். அவர் ஐம்பதைத் தாண்டியவர், பின்னர் இளம் கிறிஸ்துவ மகளிர் சங்கத்தின் தலைவராகவும் இருந்தவர். "வயது போன காலத்தில் இவர்களுக்கு ஏன் இந்த வேலை?" என்று கேட்டவர்கள் அன்றும் இருந்திருப்பார்கள். ஆனால் இந்தப் பெண்கள் விடவில்லை.

1959 தேர்தலில் வாக்களிப்பது கட்டாயமாக்கப்பட்டது. பெண்களின் வாக்கு திடீரென்று கனம் பெற்றது. மக்கள் செயல் கட்சி ஒருதார மணத்தைத் தன் தேர்தல் வாக்குறுதியில் சேர்த்தது. அந்தத் தேர்தலில் ஐந்து பெண்கள் சட்டமன்றத்துக்குப் போனார்கள். 1961-இல் மாதர் சாசனம் நிறைவேறி, அந்த ஆண்டு செப்டம்பர் 15-ஆம் தேதி நடப்புக்கு வந்தது. முஸ்லிம் அல்லாதோருக்குப் பலதார மணம் முடிவுக்கு வந்தது.

மலேசியாவில் இதற்கு ஈடான சட்டம் 1976-இல் இயற்றப்பட்டு, 1982 மார்ச் 1-ஆம் தேதிதான் நடப்புக்கு வந்தது. பாலத்தின் இந்தப் பக்கத்துப் பெண், அந்தப் பக்கத்துப் பெண்ணைவிட இருபது ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது.

சிங்கப்பூரின் கதை அத்தோடு நிற்கவில்லை. கைகளுக்கான அறுவை சிகிச்சை நிபுணரான டாக்டர் கன்வல்ஜித் சொய்ன் 1992-இல், ஐம்பதாவது வயதில், முதல் பெண் நியமன நாடாளுமன்ற உறுப்பினரானார். 1995-இல் குடும்ப வன்முறைக்கு எதிராக அவர் கொண்டுவந்த மசோதா தோற்றது. ஆனால் அதன் முக்கியக் கருத்துகள் அடுத்த ஆண்டே மாதர் சாசனத் திருத்தத்தில் இடம்பெற்றன. 2007-இல், 65 வயதில், மூப்படையும் பெண்களுக்காகவே 'விங்ஸ்' என்ற அமைப்பைத் தொடங்கினார். உடல்நலம், பணநிர்வாகம், நட்பு ஆகிய மூன்றும் நடுவயதுக்குப் பின் ஒரு பெண்ணுக்குத் தேவை என்பது அதன் அடிப்படை.

ஆயுள் நீண்டது, தொட்டில் குறைந்தது

போராட்டத்தை மட்டும் சொன்னால் பாதிக் கதைதான். மீதிப் பாதி வீட்டுக்குள் நடந்தது. 1957-இல் மலாயாவில் ஒரு பெண்ணின் சராசரி ஆயுள் எதிர்பார்ப்பு 58 வயதை ஒட்டியிருந்தது. இப்போது அது 77-ஐ ஒட்டியிருக்கிறது. அன்று ஒரு பெண் சராசரியாக ஆறு பிள்ளைகளுக்கு மேல் பெற்றாள். இன்று மலேசியாவில் இரண்டுக்கும் குறைவு. சிங்கப்பூரில் 2023-இல் ஒன்றுக்கும் கீழே, 0.97 என்று இறங்கிவிட்டது.

இந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் பாருங்கள். அன்றைய பெண்ணுக்குக் கடைசிப் பிள்ளை பிறக்கும்போதே நாற்பது வயதாகிவிடும். அந்தப் பிள்ளை தலையெடுக்கும்போது அவள் கிழவி. அல்லது உயிரோடு இல்லை. இன்றைய பெண்ணுக்கு ஐம்பது வயதில் கடைசிப் பிள்ளையும் கல்லூரிக்குப் போய்விடுகிறது. அதன்பிறகு இருபத்தைந்து ஆண்டுகள் கையில் இருக்கின்றன. மனித வரலாற்றில் சாதாரணக் குடும்பத்துப் பெண்ணுக்கு இத்தனை நீண்ட இரண்டாம் பருவம் இதற்கு முன் பரவலாகக் கிடைத்ததில்லை. சமுதாயச் செல்வாக்கு வளர்வதற்கான நேரம் இங்கிருந்துதான் வந்தது.

மூன்றாவதாக ஒரு மாற்றமும் உண்டு. 1972-இல் பினாங்கு பாயான் லெப்பாஸில் சுதந்திர வர்த்தக வட்டாரம் தொடங்கியது. மின்னணுத் தொழிற்சாலைகளின் பேருந்துகள் கிராமங்களுக்குள்ளும் தோட்டங்களுக்குள்ளும் வந்தன. மலாய்ப் பெண்களோடு தோட்டத்து இந்தியப் பெண்களும் ஏறிப் போனார்கள். இருட்டில் பிரட்டுக்குப் போன தாயின் மகள், இருட்டில் தொழிற்சாலைப் பேருந்துக்குப் போனாள். ஆனால் ஒரு வேறுபாடு: சம்பளம் அவள் பெயரில் வந்தது. பட்டணத்து வேலை தோட்டத்துக்கு வெளியே ஒரு வீட்டைத் தேட வழிசெய்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புத் திட்டங்களாக மாறியபோது, லயத்தை விட்டுத் தாமான் வீட்டுக்குக் குடிபெயர்ந்த குடும்பங்கள் பலவற்றில் முன்பணத்தைத் திரட்டியது இந்த மகள்தான். அன்று இருபது வயதில் பேருந்து ஏறியவர்கள் புத்தாயிரம் ஆண்டுகளில் ஐம்பதைத் தொட்டார்கள். கோயில் மகளிர் பிரிவிலும் குடியிருப்பாளர் சங்கத்திலும் இன்று மூத்தவர்களாக இருப்பவர்கள் அந்தத் தலைமுறைதான்.

குரல் உயர்ந்த காலம்

இந்த அடித்தளத்தின் மேல்தான் நாம் அறிந்த பெயர்கள் எழுந்தன. சுங்கைப்பட்டாணியில் பிறந்த ஐரின் ஃபெர்னாண்டஸ் 1991-இல் தெனாகானித்தா அமைப்பைத் தொடங்கினார். குடிநுழைவுத் தடுப்பு முகாம்களில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் படும் அவதியைப் பற்றி 1995-இல் அறிக்கை வெளியிட்டபோது அவருக்கு வயது 49. வழக்கு, தண்டனைத் தீர்ப்பு, மேல்முறையீடு என்று பதின்மூன்று ஆண்டுகள் ஓடின. 2008-இல் விடுவிக்கப்பட்டபோது வயது 62. தன் நடுவயது முழுவதையும் நீதிமன்றப் படிகளில் கழித்தவர் அவர், 2014-இல் மறைந்தார். ஒரு காலத்தில் நம்மவர்கள் கப்பலேறி வந்து பட்ட பாட்டையே, பின்னால் வந்தவர்களும் படக்கூடாது என்று பேசியவர்.

அம்பிகா சீனிவாசன் 2007 முதல் 2009 வரை மலேசிய வழக்கறிஞர் மன்றத்தின் தலைவராக இருந்தார். 2011-இல் தூய்மையான தேர்தல் கோரிய இயக்கத்துக்குத் தலைமை தாங்கியபோது அவருக்கு வயது 54. அவருடைய கருத்தை ஏற்பவரும் உண்டு, மறுப்பவரும் உண்டு. ஆனால் ஒரு தமிழ்ப்பெண்ணின் சொல்லுக்கு நாடே திரும்பிப் பார்த்தது என்பதை இரு தரப்பும் ஒப்புக்கொள்ளும்.

சிங்கப்பூரில் ஹலிமா யாக்கோப் 2017-இல், 63 வயதில், முதல் பெண் அதிபரானார். அவர் தந்தை இந்திய முஸ்லிம். காவலாளியாக வேலை பார்த்தவர். மகளுக்கு எட்டு வயதாகும்போது தந்தை இறந்துவிட, தாய் உணவுக்கடை நடத்திப் பிள்ளைகளை வளர்த்தார். அதிபர் மாளிகைக்குப் போன மகளைப் பற்றிப் பேசும்போது, உணவுக்கடையில் நின்ற அந்தத் தாயையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

செல்வாக்கின் மறுபக்கம்

இத்தனையும் சொன்ன பிறகு, சங்கடமான சில கேள்விகளையும் கேட்டாக வேண்டும்.

முதலாவது: ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் ரப்பர் தோட்டத் தமிழ்ப்பெண்கள். ஜானகியையும் ராசம்மாவையும் நமக்குத் தெரியும். மற்றவர்கள்? போர் முடிந்ததும் அவர்களில் பலர் சீருடையைக் கழற்றி வைத்துவிட்டு மீண்டும் பால்மரக் காட்டுக்கே போனார்கள். அவர்களும் ஐம்பது வயதை அடைந்தார்கள். அவர்களுக்கு மட்டும் ஏன் செல்வாக்கு வரவில்லை? வீரம் குறைவா? இல்லை. படிப்பு இல்லை, சொந்த வீடு இல்லை, பெயரை எழுதி வைக்க ஆளும் இல்லை. அனுபவம் மட்டும் ஒருவருக்குச் செல்வாக்கைத் தந்துவிடாது. அதைத் தாங்கிப் பிடிக்க ஏதாவது ஒன்று வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இரண்டாவது: தோட்டத்தில் தாலி கட்டிய திருமணங்கள் பல பதிவாகவில்லை. பதிவாகாத திருமணத்தில் பிறந்த பிள்ளைகளுக்குப் பிறப்புப் பத்திரச் சிக்கல். பத்திரம் இல்லாவிட்டால் நீல அடையாள அட்டை இல்லை. இந்த நாட்டிலேயே பிறந்து, பேரப்பிள்ளையும் கண்டபிறகு, சிவப்பு அடையாள அட்டையோடு காத்திருக்கும் மூதாட்டிகள் நம்மிடையே இருக்கிறார்கள். வாக்குச்சீட்டு இல்லாதவரின் குரலை எந்த வேட்பாளர் தேடி வருவார்?

மூன்றாவது: பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் உழைப்பு. இன்று மகளும் மருமகளும் வேலைக்குப் போக முடிகிறது என்றால், பல வீடுகளில் அதற்குக் காரணம் பாட்டி. அன்றைய ஆயாக் கொட்டகை இன்று தாமான் வீட்டு வரவேற்பறைக்கு வந்துவிட்டது, அவ்வளவுதான். சிங்கப்பூரில் 2004-இல் அறிவிக்கப்பட்ட தாத்தா பாட்டி பராமரிப்பு வரிக்கழிவு 3,000 வெள்ளி. நல்ல திட்டம்தான். ஆனால் அந்தக் கழிவு போய்ச் சேருவது வேலைக்குப் போகும் தாயின் வருமான வரிக் கணக்கில். பாட்டியின் கைக்கு எதுவும் வருவதில்லை. மலேசியாவில் 2018-இல் இல்லத்தரசிகளுக்காக 'ஐ-சூரி' சேமநிதித் திட்டமும், 2022 டிசம்பரில் சொக்சோவின் இல்லத்தரசிகள் பாதுகாப்புத் திட்டமும் வந்தன. பிந்திய திட்டம் தொடங்கியபோது அதில் சேர 55 வயதுக்குள் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. நாம் இன்று யாரைப் பற்றிப் பேசுகிறோமோ, அவர்கள் வாசலுக்கு வரும்போது கதவு சாத்தப்பட்டிருக்கிறது.

நான்காவது நம் சொந்த வீட்டுக் கேள்வி. பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்குத் தலைவியாக இருக்கிறார், கோயிலுக்கு ஆயிரக்கணக்கில் நிதி திரட்டித் தருகிறார், மூன்று பிள்ளைகளைத் தனியாளாகப் பட்டதாரியாக்கியிருக்கிறார். அவர் கணவரை இழந்தவர். சொந்த மகளின் திருமணத்தில் நலங்கு வைக்க அவரை முன்னே அழைக்கிறோமா? தாலித்தட்டு சபையைச் சுற்றி வரும்போது அவர் எங்கே நிற்கிறார்? சமையற்கட்டுப் பக்கம், ஒரு தூணுக்குப் பின்னால்! ஊரெல்லாம் செல்வாக்கு, சொந்த மணவறையில் இடமில்லை. இந்த வழக்கத்தை எந்தச் சட்டமும் நம்மீது திணிக்கவில்லை. நாமே வைத்துக்கொண்டிருக்கிறோம். அதைக் காப்பவர்களில் மூத்த பெண்களும் இருக்கிறார்கள் என்பது இன்னும் வேதனை. அடுப்படி அதிகாரம் முழுவதும் மறைந்துவிடவில்லை என்பதற்கு அதுவே அடையாளம்.

என்ன செய்யலாம்?

பெரிய திட்டங்களை அரசாங்கங்கள் பார்த்துக்கொள்ளட்டும். கேட்டு வாங்குவதும் நம் கடமை. நம் கையில் உள்ளதை முதலில் செய்வோம்.

உங்கள் வீட்டில் அறுபது, எழுபது வயதில் அம்மாவோ பாட்டியோ இருந்தால், அவர் எந்தத் தோட்டத்தில் பிறந்தார், எத்தனை வயதில் வேலைக்குப் போனார், என்ன சம்பளம் வாங்கினார் என்று கேட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். எழுதாததால்தான் படையில் நின்றவர்களின் பெயர்கள்கூட நம்மிடம் இல்லை.

அவருடைய அடையாள அட்டை, திருமணப் பதிவு, சேமநிதிக் கணக்கு, வீட்டுப் பத்திரம் எல்லாம் சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். சேமநிதியிலிருந்து வரும் பணம் அவருடைய முதுமைக்கு. மகனின் கார் முன்பணத்துக்கும் மகளின் மண்டப வாடகைக்கும் அதைக் கரைத்துவிட்டு, பிறகு "அம்மாவை யார் வைத்துக்கொள்வது?" என்று உடன்பிறப்புகள் பேசுவது நியாயமா?

பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பாட்டிக்கு மாதம் ஒரு தொகையை அவர் பெயரிலேயே வங்கியில் போடுங்கள். வாரம் ஒருநாள் விடுப்பும் கொடுங்கள். அன்று அவர் சங்கத்துக்குப் போகட்டும், கோயிலுக்குப் போகட்டும், தோழியைப் பார்க்கப் போகட்டும்.

கோயில் நிர்வாகத்திலும் பள்ளி வாரியத்திலும் பெண்களை மகளிர் பிரிவோடு நிறுத்தாதீர்கள். பணத்தைத் திரட்டித் தருகிறவருக்கு, அதை எப்படிச் செலவழிப்பது என்று முடிவு செய்யும் மேசையிலும் நாற்காலி போடுங்கள்.

அடுத்த முறை உங்கள் வீட்டில் ஒரு திருமணம் வந்தால், கணவரை இழந்த அந்த அம்மாவைத் தூணுக்குப் பின்னாலிருந்து கைப்பிடித்து அழைத்து வந்து, முதல் நலங்கை அவரையே வைக்கச் சொல்லுங்கள். சபையில் சிலர் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும். மணமக்களை வளர்த்து ஆளாக்கிய கையைவிட மங்கலமான கை அந்த மண்டபத்தில் வேறு யாருக்கு இருக்கிறது?